உ என்ற தலைப்பில் வந்த மெயில்கள்

"நவம்பர் 7, வெள்ளிக்கிழமை. இம்மாத இறுதிக்குள் நமது இரண்டு அலுவலகங்களுக்கும் இடையே உள்-மெயில் வசதி ஏற்படுத்தப்படும். அதன்பின் வாய்மொழி உத்தரவு, துண்டுச் சீட்டு, வாட்ஸ்அப் செய்தி ஆகியவை செல்லாது. எழுத்தில் இல்லாதது நடக்காததாகவே கருதப்படும்."

எங்கள் கம்பெனியின் சுற்றறிக்கை இது. கீழே முதலாளியின் கையெழுத்து. தமிழ்த் தேதி அதில் இல்லை. எனக்கு வந்த பிரதியின் ஓரத்தில் ஐப்பசி 21 என்று பென்சிலால் குறித்துக்கொண்டேன். எங்கள் ஊர்க் கண்மாய் எந்த நாளில் மறுகால் பாய்ந்தது, புதுப்பட்டி பஸ் எந்த மாதத்திலிருந்து தடம் மாறியது என்பதையெல்லாம் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. இன்றுவரை யாரும் அவற்றைக் கேட்டு வந்ததில்லை. பிழைப்புக்குக் கணக்கு எழுதுகிறேன்.

மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணியை வெளிநாட்டுக்கு அனுப்புவது கம்பெனியின் தொழில். தலைமை அலுவலகமும் துணி வெளுக்கும் இடமும் ராஜபாளையத்தில். வெளுத்த துணியைச் சுருட்டி, சோதித்து, பெட்டியில் அடைக்கும் ஷெட் ஸ்ரீவில்லிபுத்தூரில். அந்த ஷெட்டின் ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்புக்குள் என் மேசை.

சுற்றறிக்கைக்குக் காரணம் வெளிநாட்டு வாங்குநர். வேலை நடக்கும் இடத்தில் கைப்பேசி கூடாது, ஒவ்வொரு முடிவுக்கும் எழுத்தில் தடயம் வேண்டும், மாசி மாதம் ஆடிட்டுக்கு ஆள் வரும் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். மெயில் வேலையை நான் செய்து தருகிறேன் என்று சொல்லத்தான் ராஜபாளையம் போனேன். கம்ப்யூட்டர் புத்தகங்களை நான் கதைப் புத்தகம் போல வாசிக்கிறவன் என்பது முதலாளிக்குத் தெரியும். அவர் முப்பதுகளில் இருப்பவர், மரியாதை தெரிந்தவர். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"நீங்களே செஞ்சிருங்கண்ணே. ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க. ஆடிட்ல அந்த ஷெட் தேறிட்டா அங்கனயே ஓடட்டும். தேறலைன்னா இங்க கொண்டாந்துருவோம். ரெண்டு ஊர்ல வச்சு மேய்க்க என்னால ஏலாது."

ராஜபாளையம் அரை மணி நேரப் பஸ்தான். எனக்கு அது பெரிய தூரமில்லை. ஆனால் ஷெட்டில் ஒருவருக்கு அது தாண்ட முடியாத தூரம்.

அவர் எங்கள் தரம் பார்க்கும் பெண்மணி. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர் என்றாலும் ஷெட்டில் எல்லோருக்கும் அவர் அக்கா என்பதால் எனக்கும் அக்கா ஆகிவிட்டார். அவர் என்னை அண்ணே என்பார். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. அக்காவின் கணவர் முன்பு சின்னக்கடை பஜாரில் துணி வியாபாரம் பார்த்தவர். சிறுநீரகம் இரண்டும் கெட்டு, வாரத்தில் சில நாள் காலையில் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அந்த நாட்களில் அக்கா அவரை மெஷினில் படுக்க வைத்துவிட்டு வேலைக்கு வருவார். முடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து அலுவலகத் தொலைபேசிக்கு அழைப்பு வரும். பத்து நிமிடத்தில் நடந்து போய், ஆட்டோவில் அவரை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். ஷெட் ராஜபாளையத்துக்குப் போனால் இது எதுவும் நடக்காது. வேறு ஆள் அவர்களுக்கு இல்லை.

முதலாளி சொன்னதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன்.

"மெயிலுன்னா என்னத்தண்ணே செய்யணும்?"

"வாயால சொல்றத எழுதி அனுப்பணும். அம்புட்டுத்தான்."

"அம்புட்டுத்தானா? அதுக்கா ஷெட்ட தூக்குறேங்காக? எழுதிருவோம்ணே. ராவும் பகலும் எழுதுவோம்" என்றார்.

உள்-மெயில் என்பது வெளியுலகத்தோடு சம்பந்தமில்லாத ஒரு சிறிய தபாலாபீஸ். இரண்டு அலுவலகங்களையும் பில் போடுவதற்காக ஏற்கெனவே ஒரே வலையில் இணைத்திருந்தார்கள். ராஜபாளையத்தில் ஓரங்கட்டிக் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைத்து, இலவசமாகக் கிடைக்கும் மெயில் மென்பொருளை அதில் ஏற்றினேன். அதற்கு மாறாத ஒரு முகவரி எண் கொடுத்தேன். மின்சாரம் போனாலும் நிற்காதபடி யுபிஎஸ்ஸில் சொருகினேன். கணக்கு, பேக்கிங், தரம், அனுப்புதல், முதலாளி என்று மேசைக்கு ஒரு பெட்டி. ஆட்களின் பெயரில் திறக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். முதலாளியின் பெயரை டைப் அடிக்க ஒருவருக்கும் கை வரவில்லை. "அவுக பேர நான் எப்படிண்ணே அடிக்க?" என்று பேக்கிங் பார்க்கும் பெண் சிரித்துக்கொண்டே கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அதனால்தான் பதவிப் பெயர்கள்.

கார்த்திகை பிறந்த வாரத்தில் முதல் மெயிலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அனுப்பினேன். ராஜபாளையத்தில் சரக்கு அனுப்பும் பொறுப்பில் இருக்கும் மேனேஜருக்கு. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், வெளியில் எங்களைவிட நன்றாகத் தமிழில் கேலி பேசுகிறவர். மெயில் போன மறுநிமிடம் தொலைபேசி அடித்தது.

"அண்ணே, ஒங்க மெயிலு வந்துருச்சு."

"வந்துருச்சுன்னு மெயில்ல சொல்லுங்க."

"அதான் இப்ப சொல்லிட்டேனே."

"போன்ல சொன்னா அது நடக்காதது."

"நல்லா இருக்குண்ணே கத. நடந்தத எழுதலைன்னா நடக்கல, நடக்காதத எழுதுனா நடந்துச்சாக்கும்" என்றார். பிறகு ஒரு விரலால் அடித்துப் பதில் அனுப்பினார். அது வந்து சேர வெகுநேரம் ஆனது. மறுபடியும் அவரே போனில் வந்தார். "என்னண்ணே இது, சீவில்லிபுத்தூர் தேரு மாதிரி நின்னு நின்னு வருது?"

தேர் நகர்ந்துவிட்டதில் எனக்கு மகிழ்ச்சி. தமிழில் அடிப்பதற்கு வசதியாக எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஆங்கில எழுத்தை அடித்தால் தமிழ் எழுத்து விழும்படி செய்திருந்தேன். மூன்று நாளில் எல்லோரும் பழகிவிட்டார்கள். பிரச்சினை ஒன்றுதான். ஒருவரும் தலைப்பு எழுதவில்லை. பெட்டியைத் திறந்தால் 'தலைப்பு இல்லை', 'தலைப்பு இல்லை' என்று வரிசையாக நின்றது. எந்த மெயில் எதைப் பற்றியது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். ஆடிட்டர் வந்தால் இதைக் காட்ட முடியாது. எனவே தலைப்பு இல்லாத மெயிலை ஏற்காதே என்று சர்வரில் ஒரு விதி எழுதினேன். தலைப்புக் கட்டத்தைக் காலியாக விட்டால் மெயில் அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

முதல் நாள் காலையிலேயே மேனேஜர் கூப்பிட்டார்.

"திரும்பி வருதேண்ணே. தலைப்புன்னா என்னத்தப் போட?"

"விஷயம் என்னன்னு போடுங்க."

"விஷயத்தத்தான் உள்ள எழுதிருக்கேன். மறுபடி அத மேல எதுக்குப் போடணும்? ஒரு இலைக்கு ரெண்டு தடவ உப்பு வைப்பீகளா?"

"ஏதாவது போடணும். காலியா விடக்கூடாது."

ஏதாவது போட வேண்டும் என்று நான் சொன்னதும் அவருக்கு வழி தெரிந்துவிட்டது. காகிதத்தின் உச்சியில் எதைப் போடுவார்களோ அதைப் போட்டார். பிள்ளையார் சுழி. ஆங்கில u-வைத் தட்டினால் உ விழுந்துவிடுகிறது, ஒரே எழுத்து, வேலை முடிந்தது. அன்று மாலைக்குள் இரண்டு ஊரிலும் எல்லோரும் உ போடத் தொடங்கிவிட்டார்கள். அக்கா மட்டும் 786 போட்டார். அவர்கள் வீட்டுக் கடிதங்களின் உச்சியில் எழுதுவது அது. மெயில் எதுவும் திரும்பவில்லை. விதி நிறைவேறியது.

எனக்கு அது பிடித்திருந்தது என்பதை எழுத வேண்டும். கல்வெட்டெல்லாம் ஸ்வஸ்தி ஸ்ரீ என்றுதான் தொடங்கும். ஆயிரம் ஆண்டு கழித்து மெயிலும் அப்படித்தான் தொடங்குகிறது என்று டைரியில் ஒரு பக்கம் எழுதினேன். ஸ்வஸ்தி ஸ்ரீயை யாரும் கல்வெட்டின் தலைப்பு என்று எடுத்துக்கொள்வதில்லை, மென்பொருள் எடுத்துக்கொள்ளும் என்பது அந்தப் பக்கத்தில் இல்லை.

ஒரே தலைப்புள்ள மெயில்களை ஒரே உரையாடல் என்று கருதி மென்பொருள் கோத்துக்கொள்ளும். கேள்வியும் பதிலும் சேர்ந்து நிற்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் யாரோ செய்த ஏற்பாடு. எங்கள் மெயில்களுக்கு இருந்ததே இரண்டு தலைப்பு. பெட்டியைத் திறந்தால் திரையில் இரண்டே வரி. ஒன்று உ, மற்றது 786. உ-வின் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் நாள்தோறும் ஏறிக்கொண்டே போனது. கார்த்திகை மாதத்துப் பேச்சு முழுவதும், பஞ்சு மூட்டையை ஏறி மிதித்து அடைத்தது போல அந்த ஓர் எழுத்துக்குள் இருந்தது.

வேலை செய்தவர்களுக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. புதிதாக வந்தது மேலே வந்துவிடும். அதை வாசிப்பார்கள், பதில் போடுவார்கள், மறந்துவிடுவார்கள். பழையதைத் தேடிப் பார்க்கும் தேவை யாருக்கும் இல்லை.

எனக்கு இருந்தது. தலைப்பு எப்படி எழுத வேண்டும் என்று விளக்கி எல்லோருக்கும் ஒரு மெயில் அனுப்பினேன். எந்தத் தொகுதிச் சரக்கு என்று காட்டும் லாட் எண், தேதி, விஷயம், மூன்றும் ஒரு வரியில் வேண்டும் என்று உதாரணத்தோடு எழுதியிருந்தேன். தலைப்பு: 'தலைப்பு எழுதும் முறை'. ஒரு வாரம் ஆகியும் எந்த மாற்றமும் இல்லை. மேனேஜரிடம் கேட்டேன்.

"அது நீங்க அனுப்புனதா? உ இல்லையேண்ணே. ஏதோ கம்பெனிக்காரன் விளம்பரம்னுல்ல நெனச்சேன். தெறக்கவே இல்ல. வைரஸ் கிய்ரஸ் வந்துரும்னு நீங்கதான சொன்னீக?"

அதையே தாளில் அச்சடித்து இரண்டு அலுவலகத்திலும் சுவரில் ஒட்டினேன். மறுநாள் ராஜபாளையத்துத் தாளின் உச்சியில் யாரோ பேனாவால் உ போட்டிருந்தார்கள். தலைப்பு மட்டும் மாறவில்லை. உ-வை எடுத்துவிட்டு எழுதுங்கள் என்று நேரில் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினார்கள். சுழி போடாமல் ஒரு வேலையைத் தொடங்கச் சொல்கிறேன் என்று அவர்கள் முகம் சொன்னது. அக்கா மட்டும், "ஒங்களுக்காகப் போடுறேண்ணே" என்று இரண்டு நாள் லாட் எண்ணைப் போட்டார். மூன்றாம் நாள் அவர் கணவருக்கு ரத்த அழுத்தம் இறங்கி ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியதாயிற்று. திரும்பி வந்த பிறகு 786-ஐ விட அவருக்கு மனம் இல்லை. நானும் கேட்கவில்லை.

கார்த்திகையில் அடைமழை. ஒரு காலை ஷெட்டின் தகரக் கூரை ஒழுகி, ஓரமாக அடுக்கியிருந்த நான்கு பெட்டி நனைந்துவிட்டது. அதற்குள் அந்த லாட்டின் பாதி ராஜபாளையம் போயிருந்தது. அங்கே போன பெட்டிகளிலும் ஈரம் இருக்குமோ என்ற சந்தேகம் அக்காவுக்கு. முதலில் தொலைபேசியில் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "எழுதணும்லா?" என்று நாக்கைக் கடித்துக்கொண்டு மெயிலும் அனுப்பினார்.

"அண்ணே இப்பச் சொன்னேன்லா. அத அனுப்பாதீக. நனஞ்சிருக்கு. நான் வந்து பாக்கேன்."

மேனேஜரின் பதில்: "சரிம்மா. அது இங்கனயே இருக்கு."

மறுநாள் டயாலிசிஸ் இல்லை என்பதால் அக்காவே ராஜபாளையம் போய்ப் பிரித்துப் பார்த்தார். அங்கே ஈரம் இல்லை. நனைந்த நான்கை மட்டும் கழித்துவிட்டு மற்றதை அனுப்பினார்கள். ஒரு தவறும் நடக்கவில்லை. நடந்திருக்கக்கூடிய தவறு ஒன்றை இரண்டு பேர் சேர்ந்து தடுத்திருந்தார்கள்.

மாசி நடுவில் ஆடிட்டர் வந்தார். கோயம்புத்தூரிலிருந்து வந்த பெண். கடுமையானவர் இல்லை. ஷெட்டுக்குள் வரும்போதே செருப்பை வெளியே விட்டுவிட்டு, கொடுத்த தலையுறையை ஒழுங்காக மாட்டிக்கொண்டார். முதலாளியும் மேனேஜரும் ராஜபாளையத்திலிருந்து வந்திருந்தார்கள். சுத்தம், வெளிச்சம், கைப்பேசி வைக்கும் அலமாரி எல்லாவற்றிலும் தேறினோம். பிறகு என் தடுப்புக்குள் வந்து அமர்ந்து, மெயிலைத் திறக்கச் சொன்னார். திறந்தேன்.

"இது என்ன சார், உ?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் சொன்னார். "புள்ளையார் சுழிம்மா."

"அது தெரியுது. எல்லாமே உ-வா இருக்கே?"

"ஒரே புள்ளையார்தானம்மா."

ஆடிட்டர் சிரித்துவிட்டார். "எங்க அப்பாவும் பால் கணக்குக்குக்கூட போடுவாங்க" என்றார். அந்தச் சிரிப்பைக் கண்டு அக்காவின் முகமும் தெளிந்தது. தப்பித்துவிட்டோம் என்று அந்த நிமிடம் நானும் நம்பினேன்.

பிறகு அவர் கையிலிருந்த தாளைப் பார்த்து ஒரு லாட் எண்ணைச் சொன்னார். "இதுல நாலு பெட்டி குறையுது. காரணம்?"

"மழையில நனைஞ்சது. நிறுத்தி வச்சு, பாத்து, கழிச்சோம்" என்றார் முதலாளி.

"நல்லது. நிறுத்தச் சொன்னத எழுத்துல காட்டுங்க."

லாட் எண்ணைத் தேடலில் அடித்தேன். எதுவும் வரவில்லை. 'மழை' என்று அடித்தேன். உ-வுக்குள் எங்கெங்கோ மழை பெய்திருந்தது, அந்த மழை அதில் இல்லை. கோத்துக் காட்டும் வசதியை நிறுத்திவிட்டுத் தேதி வரிசையில் வைத்தேன். உ, உ, உ, 786, உ என்று திரை முழுக்க ஓடியது. கார்த்திகைக்குப் போய் ஒவ்வொன்றாகத் திறந்தேன். "அது வந்துருச்சா?" "வந்துருச்சு." "காலைல சொன்னத நாளைக்கு வச்சுக்கலாம்." "அவிய சரின்னுட்டாக." "மேற்படி விஷயம் முடிஞ்சது." எதிலும் எண் இல்லை, பெயர் இல்லை. சுற்றறிக்கை கேட்டபடி வாயால் சொன்னதையெல்லாம் அப்படியே எழுதியிருந்தார்கள்.

கல்வெட்டில் ஒரு துண்டு நிலத்தைக் கொடுத்தால் கிழக்கே எது, தெற்கே எது என்று நான்கு எல்லையும் வெட்டி வைத்திருப்பார்கள். வாசிக்கப்போகிறவன் அந்த ஊர்க்காரன் அல்ல என்று வெட்டியவனுக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் தெரிந்தவர்களுக்கு எழுதினார்கள். அதுவும், பெயரைச் சொல்லாமல் பேசுவதுதான் எங்கள் பக்கத்தில் மரியாதை. அக்கா கணவரை 'அவிய' என்பார். பேக்கிங் பெண்ணுக்கு முதலாளி பெயரை அடிக்கக் கை வராது. ஆளுக்குப் பெயர் சொல்லாத வாய், பெட்டிக்கு மட்டும் ஏன் சொல்லும்?

கடைசியில் அக்காவே அந்த மெயிலைக் கண்டுபிடித்தார். "இந்தா இதுதாண்ணே" என்று திரையைத் தொட்டார். ஆடிட்டர் குனிந்து வாசித்தார்.

"'அத அனுப்பாதீக'. 'அத'ன்னா எதும்மா?"

"அந்த லாட்டுத்தான்மா. நீங்க இப்பச் சொன்னீகளே, அதே." அக்கா எண்ணைச் சொன்னார். கூரையில் எந்த இடம் ஒழுகியது, எந்த அடுக்கு, ராஜபாளையத்தில் எந்தச் சுவர் ஓரம் மற்ற பெட்டிகள் இருந்தன, பிரித்தபோது உள்ளே உறை எப்படி இருந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். மேனேஜர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஆடிட்டரின் பேனா நகரவில்லை.

இந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து. மெஷின் முடிந்துவிட்டது, ஆள் வரலாம் என்றார்கள். அக்காவுக்கு என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"செத்த நேரம் படுத்திருக்கச் சொல்லுங்கண்ணே" என்றவர், ஆடிட்டர் பக்கம் திரும்பி, "நான் இங்கன நிக்கேன்லம்மா, என்னயவே கேளுங்க" என்றார்.

"நீங்க சொல்றத நான் நம்புறேன்மா. ஆனா நீங்க சொல்றத நான் ரிப்போர்ட்ல எழுத முடியாது. நீங்க எழுதினதைத்தான் எழுத முடியும். நாளைக்கு நீங்க இல்லாம இந்த மெயில் மட்டும் இருந்தா, படிக்கிறவங்களுக்கு என்ன புரியும்?"

முதலாளி சுவரில் ஒட்டிய என் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடிட்டர் போன பிறகுதான் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனார். நடக்கவில்லை, ஓடினார்.

அறிக்கை அந்த வாரமே வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஷெட்டில் முடிவுகளின் தடயத்தை நிறுவ இயலவில்லை என்ற ஒரு வரியை முதலாளி எனக்குக் காட்டினார். ராஜபாளையத்து மெயிலும் இதே உ-தான் என்று சொன்னேன். "அவங்க பாத்தது இங்க உள்ளதத்தானண்ணே" என்றார். பங்குனிக்குள் ஷெட்டை மாற்றுவது என்று முடிவானது. அதை அவர் மெயிலிலேயே தெரிவித்தார். அவர் மட்டும் தலைப்பு எழுதியிருந்தார்: 'ஷெட் இடமாற்றம்'. உ இல்லாததால் பலர் அதைத் திறக்கவில்லை. நான்தான் ஒவ்வொருவரிடமும் போய் வாயால் சொன்னேன்.

அக்காவுக்கு ராஜபாளையத்தில் அதே வேலை, அதே இடம் என்றார்கள். பொய் இல்லை, உண்மையாகவே வைத்திருந்தார்கள். ஒரு வாரம் போய் வந்தார். டயாலிசிஸ் நாளில் இரண்டு முறை அவர் கணவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடியே சரிந்துவிட்டார் என்று ஆட்டோக்காரர் வந்து சொன்ன பிறகு நின்றுவிட்டார்.

ஷெட்டைக் காலி செய்த கடைசி நாள், அதுவரை அங்கேயே கிடந்த மேசைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, காலியான ஷெட்டுக்குள் வந்து என்னிடம் கேட்டார்.

"அண்ணே, ஒண்ணு கேப்பேன், மழுப்பாமச் சொல்லணும். நான் 'அத'ன்னு எழுதாம அந்த நம்பர எழுதிருந்தா ஷெட்டு இங்கனயே இருந்துருக்கும்லா?"

"அப்படியில்லம்மா. எல்லாரும்தான் அப்படி எழுதுனோம்."

"எல்லாரும் எழுதுனத அந்தம்மா கேக்கலையே. நான் எழுதுனதத்தான கேட்டாக. அவியகிட்ட இன்னும் சொல்லல. என்னாலதான் இப்படின்னு தெரிஞ்சா மெஷினுக்கு வரமாட்டேன்னு படுத்துருவாக."

அவருக்கு அதற்குப் பிறகு நிலையான வேலை அமையவில்லை. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் டயாலிசிஸ் நாட்களில் ஆஸ்பத்திரி வராந்தாவில் முடிந்தபோதெல்லாம் அவரைப் போய்ப் பார்த்தேன். வேறு பேச்சுப் பேசுவோம். எழும்போது மட்டும், "அந்த ஒரு வார்த்தைண்ணே" என்பார். உங்களால் இல்லை என்று நான் சொல்வேன். நம்பமாட்டார். ஆறுதல் சொல்கிறவன் சொல்வதை நம்ப வேண்டிய அவசியம் என்ன?

வைகாசிக் கடைசியில் அந்த ஷெட்டுக்கு ஃப்ளெக்ஸ் அச்சடிப்பவர் ஒருவர் குடிவந்தார். பழைய மின்கட்டண ரசீது ஒன்றைக் கொடுக்கப் போனபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "இந்த இடம் காலியாகப் போகுதுன்னு எனக்கு முன்னக்கூட்டியே தெரியும்ணே. ஒங்க முதலாளி கட்டடத்துக்காரர்கிட்டச் சொல்லிட்டாருன்னு தரகர் வந்து சொன்னான்."

"எப்ப சொன்னான்?"

"அது கெடக்கு ஒரு மூணு நாலு மாசம். எவன் தேதி பாத்தான்?"

மூன்று மாதம் என்றால் மாசிக் கடைசி. நான்கு என்றால் தை. தை என்றால் ஆடிட்டர் வருவதற்கு முன்பே ஷெட்டைக் காலி செய்வது முடிவாகிவிட்டது. உ, 786, 'அத' எதுவும் காரணமில்லை. நாங்கள் எப்படி எழுதியிருந்தாலும் ஷெட் போயிருக்கும். மாசிக் கடைசி என்றால் அக்கா நினைப்பதற்கு என்னிடம் மறுப்பு இல்லை.

தரகரைத் தேடினேன். திருப்பூர் பக்கம் போய்விட்டார் என்றார்கள். முதலாளியிடம் நேரிலேயே கேட்டேன். "இப்ப அது எதுக்குண்ணே?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணினியைப் பார்த்தபடி சொன்னார். மறுமுறை கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

மிச்சம் இருந்தது கட்டடத்துக்காரர். வத்திராயிருப்பில் வயலும் தோப்புமாக இருக்கிறார். ஆனி முதல் ஞாயிறு பஸ் ஏறிப் போனேன். தோப்பில் தேங்காய் வெட்டு நடந்துகொண்டிருந்தது. கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து இளநீர் கொடுத்தார். எங்கள் முதலாளி காலி செய்வதாக எப்போது சொன்னார் என்று கேட்டேன்.

"நேர்லதான் வந்து சொன்னாரு. நல்ல பையன். போன்ல சொல்லிருக்கலாம், ஆனா வந்தாரு."

"எந்த மாசம்யா? எழுத்துல ஏதும் குடுத்தாரா?"

"எழுத்தா? நமக்குள்ள என்னத்துக்கு எழுத்து? வாய்ப்பேச்சுதான்." யோசித்தார். "அறுப்பு நடந்துக்கிட்டு இருந்துச்சு. களத்துல நின்னுதான் பேசுனோம். அது நல்லா ஞாபகம் இருக்கு."

"பொங்கல ஒட்டியா, இல்ல மாசி மகத்த ஒட்டியா?"

"அறுப்புன்னேன்ல. அதுக்கு மேல என்னத்தச் சொல்ல? எதுக்கு இம்புட்டு நோண்டுதீக?"

அந்தப் பக்கம் அறுப்பு தையில் தொடங்கி மாசிக் கடைசி வரைக்கும் நடக்கும். இந்த வருடம் அவர் வயலில் எந்த வாரம் அறுத்தார்கள் என்று அறுப்பு மெஷின்காரரிடம் கேட்கலாம் என்றால், அவர் வெளிமாவட்டத்தார், பெயர் யாருக்கும் தெரியவில்லை. அக்காவிடம் இந்தப் பயணத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. பாதி விடையைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு எனக்கு வாய் வரவில்லை.

இதை எழுதும் இன்றைய தேதி வரை, ஷெட்டைக் காலி செய்வதாக முதலாளி சொன்னது மாசி ஆடிட்டுக்கு முன்பா, பின்பா என்பது உறுதிசெய்யப்படவில்லை.